மைக்கில் வாசிக்காத பெயர்களுக்கு: எங்கள் ஊர் மகாபாரத விழா நன்றி மடல்

ஊர்ப் பெரியவர்களுக்கும், அக்கம்பக்கத்துக் கிராமங்களிலிருந்து வண்டி கட்டி வந்த சொந்தங்களுக்கும், பெங்களூரு, ஓசூர், திருப்பூர் என்று பிழைப்புத் தேடிப் போய் விழாவுக்கென்றே விடுப்பு எடுத்து வந்த எங்கள் பிள்ளைகளுக்கும் விழாக் குழுவின் வணக்கம்.

கிருஷ்ணகிரி மாவட்டம், காவேரிப்பட்டணத்துக்கு உள்ளடங்கிய எங்கள் சிற்றூரில் திரௌபதி அம்மன் கோயில் மகாபாரத விழா இந்த வைகாசியில் நல்லபடியாக நடந்து முடிந்தது. 18 நாளும் பிற்பகலில் பாரதப் பிரசங்கம், கடைசிப் பத்து இரவுகள் கூத்து, துரியோதனன் வீழும் படுகளம், அன்று மாலையே தீமிதி, மறுநாள் தர்மர் பட்டாபிஷேகம் என்று எதையும் குறைக்காமல் நடத்தினோம். கொரோனா ஆண்டில் நின்றுபோன விழா இது. அதன்பிறகு ஒரு வருடம் மழை பொய்த்தது, ஒரு வருடம் கோயில் திருப்பணி. இனி இந்த ஊரில் பாரதம் நடக்காது என்று பலர் முடிவு கட்டிவிட்டிருந்தார்கள். நடந்தது. யாரால் நடந்தது என்பதை ஊரும் உலகமும் அறிய வேண்டும் என்பதற்காகவே இந்த மடல்.

தலைக்கட்டு வரி கட்டியவர்கள், நன்கொடை தந்தவர்கள், கூத்து மேடையில் மொய் வைத்தவர்கள் ஆகியோரின் பெயர்களை அந்தந்த இரவே மைக்கில் வாசித்துவிட்டோம். கோயில் வாசல் பேனரிலும் போட்டாயிற்று. அவர்கள் அனைவருக்கும் மீண்டும் நன்றி. ஆனால் பணத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தந்தவர்கள் இருக்கிறார்கள். நிலம் தந்தார்கள், தண்ணீர் தந்தார்கள், தூக்கத்தைத் தந்தார்கள். அவர்கள் பெயர் எந்தப் பேனரிலும் ஏறவில்லை. இந்த மடலில் எழுதலாமா என்று கேட்டபோது ஏறக்குறைய எல்லோருமே வேண்டாம் என்று மறுத்துவிட்டார்கள். அவர்கள் சொல்லை மதித்து, பெயரை விட்டுவிட்டுச் செய்த காரியத்தை மட்டும் சொல்கிறோம். ஊர்க்காரர்களுக்கு ஆள் யாரென்று புரியும்.

முதல் நன்றி ஏரிக்கரையை ஒட்டிய கொல்லைக்குச் சொந்தக்காரரான அக்காவுக்கு. படுகளத்தன்று பீமனிடம் அடிபட்டு விழும் துரியோதனனை மண்ணால் படுக்கவைத்து அமைக்க அகலமான இடம் வேண்டும். சுற்றிலும் ஆயிரக்கணக்கானோர் நிற்க வேண்டும். பல தலைமுறையாக அது அந்தக் கொல்லையில்தான் நடக்கிறது. இந்த ஆண்டு சித்திரையில் கோடை மழை நன்றாக இறங்கியது. மானாவாரி நிலத்தில் அப்படி ஒரு மழை விழுந்தால் ஈரம் காய்வதற்குள் ஏர் ஓட்டிவிட வேண்டும், அடுத்த மழை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்துக் கொல்லைகள் எல்லாம் புழுதி உழவு முடித்துக் கிடந்தபோது அந்த ஒரு நிலம் மட்டும் உழாமல் கிடந்தது. அக்காவின் வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் இல்லை. அவர் யாரிடமும் ஈடு கேட்கவில்லை, விழாக் குழுவிடம் ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவும் இல்லை. "அம்மன் கூந்தல் முடிக்கிற இடம், அதில் எப்படி ஏர் ஓட்டுவது" என்று மட்டும் சொன்னார். விழா முடிந்த மறுவாரமே ஊர் இளைஞர்கள் டிராக்டர் கொண்டுவந்து அந்தக் கொல்லையை இரண்டு சால் உழுது கொடுத்தார்கள், வாடகையும் வாங்கவில்லை, டீசல் காசும் வாங்கவில்லை. ஆடிப் பட்டத்துக்குக் கேழ்வரகும் ஊடுபயிராகத் துவரையும் அவரையும் போட நிலம் தயாராக இருக்கிறது. இளைஞர்களுக்கும் நன்றி.

அந்த மண் துரியோதனனை அமைத்தவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முந்தைய நாள் வெயில் தாழத் தொடங்கிய வேலை விடியும்வரை நடந்தது. ஏரி வண்டலைக் குழைத்து, தலையையும் மார்பையும் தொடையையும் தட்டித் தட்டி எழுப்பி, கண்ணும் மீசையும் தீட்டி, விடிந்து பார்த்தபோது நிலத்தை நிறைத்துக் கிடந்தான் துரியோதனன். மண் சுமந்தவர்களில் பாதிப் பேர் பெங்களூருவில் கட்டட வேலை பார்க்கும் பிள்ளைகள். விடுப்பில் வந்த இடத்திலும் சட்டியைத் தூக்கினார்கள். சில மணி நேரத்தில் கலைந்துவிடப் போகும் ஓர் உருவத்துக்காக இவ்வளவு உழைப்பா என்று வெளியூர் நண்பர் ஒருவர் கேட்டார். படுகளம் முடிந்ததும் பெண்கள் முண்டியடித்து அந்த மண்ணை மடியில் முடிந்துகொண்டு போனதைப் பார்த்த பிறகு அவர் மறுபடி கேட்கவில்லை. அந்த மண்ணை நெல் குதிரிலும் கேழ்வரகுப் பானையிலும் போட்டுவைத்தால் தானியம் குறையாது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை.

அடுத்து, கூத்துக் கலைஞர்கள். இரவு பத்து மணிக்குக் கூத்தைத் தொடங்கிவைக்கும் கோமாளியான கட்டியங்காரன் திரைக்கு முன் வந்தால் கிழக்கு வெளுக்கும்வரை ஆட்டம். மிருதங்கம், தாளம், ஆர்மோனியம், ஊதி வாசிக்கும் முகவீணை நான்கும் ஓயவில்லை. முகவீணை வாசிக்கத் தெரிந்தவர்கள் இப்போது அருகிப்போனார்கள். எங்கள் விழாவுக்கு அதை வாசித்த பெரியவர் முதுமையிலும் மூச்சு வாங்காமல் வாசித்தார். அவர் கையைப் பிடித்து வணங்குகிறோம். திரௌபதி வேடம் கட்டியவர் பகலில் கொத்தனார். விழா முழுவதும் விரதம் இருந்தார். துகிலுரிதல் நடந்த இரவில், கண்ணனை அழைத்து அவர் குரல் எழுப்பியபோது வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் எழுந்து நின்று கையெடுத்தார்கள். நடிப்பு என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அர்ச்சுனன் தபசு அன்று வானளாவிய தைல மரத்தில் பாடிக்கொண்டே ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சையும் பூவும் விபூதியும் வீசியவருக்கும், கீழே மரத்தைச் சுற்றிக் கயிறு பிடித்து நின்றவர்களுக்கும் நன்றி. பிள்ளை வரம் கேட்டு முந்தானை ஏந்தி நின்ற எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அம்மன் அருள் கிடைக்கட்டும்.

தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழியாகப் பேசும் குடும்பங்கள் எங்கள் பகுதியில் நிறைய உண்டு. கட்டியங்காரன் வேடத்தில் வந்த தம்பி அவர்களிடம் அவர்கள் மொழியிலேயே இரண்டு வார்த்தை பேசிச் சிரிக்கவைத்தார். அந்த ஓர வரிசைப் பாட்டிகள் அடுத்த இரவு முதல் முன்வரிசைக்கு வந்துவிட்டார்கள்.

இந்த விழாவில் எனக்கு மிகவும் நிறைவளித்தது சாமி ஊர்வலம். அம்மன் இந்த முறை காலனித் தெருவுக்கும் போனாள். வாசல் தெளித்து, கோலம் போட்டு, மாவிளக்கு ஏந்தி, குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றி அந்தத் தெருவே நின்று வரவேற்றது. எத்தனையோ விழாக்களில் பம்பையும் பறையும் அடித்து அம்மனை ஊர் முழுக்க அழைத்துப்போனவர்கள் அந்தத் தெருக்காரர்கள். அவர்கள் வீட்டு வாசலுக்கு அம்மன் வர இவ்வளவு காலம் ஆகியிருக்கக் கூடாது. கூட்டத்தில் எழுந்து "போக வேண்டும்" என்று முதலில் சொன்ன பெரியவருக்கும், அதை ஏற்றுக்கொண்ட தர்மகர்த்தாவுக்கும், அவரைத் தொடர்ந்து தலையசைத்த அனைவருக்கும் நன்றி. இது இந்த ஓராண்டோடு நிற்கக் கூடாது, விழாவின் வழக்கமாகவே எழுதிவைக்க வேண்டும் என்பது குழுவில் எங்கள் எல்லோருடைய கருத்து.

கூட்டம் கூடும் இடத்தில் தண்ணீர்தான் பெரும் கவலை. எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதும், அதனால் பல்லில் கறையும் எலும்பில் வலியும் வரும் என்பதும் இங்கே பிறந்த எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அதற்காகவே தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்தது. விழா நாட்களில் குடிக்க அந்தக் காவிரி நீரை மட்டுமே தருவது, ஆழ்துளை நீரைக் கை கால் கழுவ வைப்பது என்று முடிவு செய்தோம். அதைச் சாதித்துக் கொடுத்தவர் எங்கள் ஊராட்சித் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர். இரவு கூத்து பார்க்க அவருக்கும் ஆசைதான். தொட்டி நிரம்பும் நேரம் நள்ளிரவு என்பதால் எல்லா இரவும் வால்வு அருகிலேயே இருந்தார். குடத்தில் பிடித்து, பானையில் ஊற்றி, வந்தவர்களுக்கு மொண்டு கொடுத்த மகளிர் குழு அக்காக்களுக்கும் நன்றி.

ஊராட்சியின் தூய்மைக் காவலர்களுக்கு நாங்கள் பட்ட கடன் தீராது. விடியற்காலை கூத்து முடிந்து நாம் வீட்டுக்குத் தூங்கப் போனபோது அவர்கள் துடைப்பத்தோடு உள்ளே வந்தார்கள். பிற்பகல் பிரசங்கத்துக்கு வருபவர்கள் உட்கார இடம் சுத்தமாக இருந்தது அவர்களால்தான். குழுவின் சார்பில் அவர்களுக்கு வேட்டி சேலை வைத்து மரியாதை செய்தோம். அவர்களுடைய ஊதியம் மாதா மாதம் தாமதமில்லாமல் கைக்கு வந்தால் அதுவே பெரிய மரியாதை, அதையும் கேட்கத்தான் போகிறோம்.

அபிமன்னன் சண்டை நடந்த இரவில் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. மாங்காய் மண்டிக்காரர்கள் லாரியில் போட்டிருந்த தார்ப்பாயை அவிழ்த்து வந்து மேடைக்கு மேல் கட்டினார்கள். சீசன் உச்சத்தில் இருந்த நேரம், லாரியில் பெங்களூரா, செந்தூரா ரக மாங்காய் ஏற்றி நின்றிருந்தது. காய் நனைந்தாலும் பரவாயில்லை, ஆட்டம் நிற்கக் கூடாது என்றார்கள். மழை விட்டதும் அபிமன்னன் விட்ட இடத்திலிருந்து போருக்குப் போனான்.

கலைஞர்கள் பகலில் தூங்க விடுமுறையில் இருந்த பள்ளி அறைகளைத் திறந்துவிட்ட தலைமை ஆசிரியர், அண்டாவும் அகப்பையும் தந்து சமையலுக்கும் நின்ற சத்துணவு அமைப்பாளர், முறை வைத்துக் களியும் கொள்ளுக் குழம்பும் போட்ட வீடுகள், கூத்து பார்க்க வந்தவர்களுக்குக் காவேரிப்பட்டணத்து நிப்பட்டும் டீயும் இலவசமாகத் தந்த வியாபாரி, கம்பத்திலேயே குடியிருந்த மின்வாரிய வயர்மேன், தீமிதியன்று குழி அருகே நின்ற தீயணைப்பு வீரர்கள், 108 ஆம்புலன்ஸ் ஊழியர்கள், கூட்டத்தை அதட்டாமல் ஒழுங்குபடுத்திய காவலர்கள், சாலையில் கூட்டம் நிரம்பியிருந்தபோது ஹாரன் அடிக்காமல் நின்று கடந்த டவுன் பஸ் ஓட்டுநர்கள் எல்லோருக்கும் நன்றி.

இனி வரப்போகும் சில ஊர்ச் செய்திகள்.

வரவு செலவுக் கணக்கை ஆனி கடைசி ஞாயிறு மாலை கோயில் முன்பு வாசிக்கிறோம். ரசீதுகள் அனைத்தும் மேசையில் இருக்கும், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். கையில் மிஞ்சியுள்ள பணத்தைக் கூத்து மேடைக்குக் கூரை போடச் செலவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள், ஏரி வரத்துக் கால்வாயைச் சீர்செய்யலாம் என்று சிலர். என் வாக்கு கால்வாய்க்கு. ஏரி நிறைந்தால்தான் அடுத்த பாரதத்துக்கு ஊர் கையில் காசு இருக்கும். இருந்தாலும் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும், அதனால் பெண்களும் அவசியம் வர வேண்டும்.

ஆடி 18 அன்று வழக்கம்போல் தென்பெண்ணைக்குச் சாமியை எடுத்துச் சென்று நீராட்டுகிறோம். கிருஷ்ணகிரி அணையிலிருந்து முதல் போகத்துக்குக் கால்வாயில் தண்ணீர் விடும் பருவம் அது. கர்நாடகப் பக்கம் மழை பெய்தால் ஆற்றிலும் சொல்லாமல் தண்ணீர் ஏறும். நீச்சல் தெரிந்த இளைஞர்கள் கரையில் கயிற்றோடு நிற்பார்கள். அவர்கள் காட்டும் இடத்தைத் தாண்டிக் குழந்தைகளை இறக்க வேண்டாம்.

ஆகஸ்ட் 15 கிராம சபைக் கூட்டம். வரத்துக் கால்வாயில் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலத்தை அகற்றுவது, காலனித் தெருவுக்குத் தெருவிளக்கு, தூய்மைக் காவலர்கள் ஊதியம் ஆகிய மூன்றையும் தீர்மானமாக எழுத வேண்டும். விழாவுக்குத் திரண்டதில் பாதிக் கூட்டம் அன்று வந்து உட்கார்ந்தாலும் மூன்றும் நிறைவேறும். மாட்டுக்குக் கோமாரி தடுப்பூசி போடும் நாளைக் கால்நடை மருந்தகத்திலிருந்து தெரிவித்ததும் தண்டோரா போட்டுச் சொல்கிறோம்.

கடைசியாக, நெஞ்சம் நிறைந்த ஒரு செய்தி. கூத்து வாத்தியார் ஞாயிற்றுக்கிழமை தோறும் காலையில் வந்து நம் பிள்ளைகளுக்கு அடவு கற்றுத்தர ஒப்புக்கொண்டிருக்கிறார். கூலி பேசவில்லை, பஸ் செலவும் ஒரு வேளைச் சாப்பாடும் போதும் என்றார். ஆண் பிள்ளைகள் மட்டுமின்றிப் பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார், இரண்டு சிறுமிகள் அன்றே பெயர் கொடுத்துவிட்டார்கள். ஆடி முதல் ஞாயிறு கோயில் மண்டபத்தில் தொடக்கம். சேர விரும்பும் பிள்ளைகளின் பெற்றோர் கணக்கு வாசிக்கும் நாளிலேயே பெயர் பதியலாம். வீட்டில் பழைய சலங்கை, தாளம் வைத்திருப்பவர்கள் பூசாரி வீட்டில் கொடுத்து உதவ வேண்டுகிறோம். வாத்தியார் குழுவினர் பலருக்கு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டை இல்லை. விண்ணப்பம் எழுதவும் சான்றுகள் இணைக்கவும் படித்த பிள்ளைகள் இரண்டு பேர் வேண்டும், முன்வருபவர்கள் குழுவிடம் சொல்லவும்.

நன்றியுடன்,
மகாபாரத விழாக் குழுவின் சார்பில் எழுதியது.