டேங்க் பையில் வைத்த ஃபிலிம் கேமரா பழுதானது குறித்த புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
வில்லாபுரம், மதுரை.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்.

பொருள்: அதிர்வு தாங்கும் என்று விற்கப்பட்ட கேமராப் பையால் ஏற்பட்ட பழுது, பணத்தைத் திரும்பக் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடந்த ஆகஸ்ட் மாதம் தங்கள் இணையதளத்தில் 3,450 ரூபாய் செலுத்தி, பைக்கின் பெட்ரோல் டேங்க் மீது காந்தத்தால் ஒட்டி நிற்கும் கேமராப் பை ஒன்றை வாங்கினேன். இன்ஜின் அதிர்வு கேமராவைத் தொடாது, பழைய ஃபிலிம் கேமராவுக்கும் முழுப் பாதுகாப்பு உண்டு என்று விற்பனைப் பக்கத்தில் இருந்த உறுதிமொழியை நம்பித்தான் வாங்கினேன். அது இல்லாதிருந்தால் இத்தனை விலை கொடுத்து ஒரு பையை வாங்கும் வழக்கம் எனக்கு இல்லை.

என்னிடம் இருப்பது என் தந்தையார் வைத்திருந்த யாஷிகா எலக்ட்ரோ 35 ஜிஎஸ்என். 1973-இல் வந்த மாடல். வியூஃபைண்டரின் நடுவில் உள்ள மஞ்சள் திட்டில் ஒரே பொருள் இரண்டாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருப்பத் திருப்ப அவ்விரண்டும் நெருங்கி வந்து ஒன்றாகும் இடத்தில் ஃபோகஸ் சரியாக நிற்கும். உள்ளே இருக்கும் சிறு கண்ணாடிகள், அவற்றை அசைக்கும் சிறு நெம்புகோல், கடுகு அளவுத் திருகாணிகள் ஆகியவை இம்மியும் நகராமல் இருந்தால்தான் இது நடக்கும். விழுந்தால் மட்டுமே கேமரா கெடும் என்று பலர் நினைக்கிறார்கள். விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தாலும் திருகாணிகள் கழன்றுவிடும்.

நான்கு ஆண்டுகளாக அதே கேமராவை, ஈரிழைத் துண்டில் சுற்றி, துணிப் பையில் இட்டு, மார்புக்குக் குறுக்கே மாட்டிக்கொண்டு அதே புல்லட்டில் சென்று வந்தேன். ஒரு பழுதும் நேரவில்லை. வண்டியின் நடுக்கத்தை என் முதுகும் தோளும் வாங்கிக்கொண்டன என்பது இப்போதுதான் புரிகிறது. தங்கள் பையை மாட்டிய பிறகு சென்றது இரண்டே பயணங்கள்: ஒன்று கீழக்குயில்குடி சமணர் மலைக்கு, மற்றொன்று ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளி, மேலூர்ச் சாலையிலிருந்து பிரியும் அரிட்டாபட்டிக்கு. எங்கள் பக்கத்து ஊர்ச் சாலைகளில் வேகத்தடைகளுக்கு வெள்ளைக் கோடு போடுவது அரிது. அதற்குத் தங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆயினும் இரு பயணங்களிலும் நான் 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை.

ஃபிலிமில் எடுத்தது, கழுவிப் பார்க்கும் வரை தெரியாது. மூன்று வாரம் கழித்து வந்த 36 படங்களில், மஞ்சள் திட்டை நம்பாமல், லென்ஸ் வளையத்தைக் கடைசித் தொலைவுக் குறிக்கு (முடிவிலி) திருப்பி வைத்து எடுத்த மலைகள் தப்பித்தன. முகங்கள் எல்லாம் கெட்டிருந்தன. அரிட்டாபட்டியில் திண்ணையில் அமர்ந்திருந்த என் அப்பத்தாவின் கண்ணில் வைத்த ஃபோகஸ், அவர் காதுக்குப் பின்னால் இருந்த சுவரில் போய் நிற்கிறது. சந்தேகம் வந்து மொட்டை மாடியிலிருந்து மீனாட்சியம்மன் கோயிலின் தெற்குக் கோபுரத்தைப் பார்த்தேன். லென்ஸ் அதே கடைசிக் குறியில் இருந்தும், ஒன்றாகத் தெரிய வேண்டிய கோபுரத்தின் கலசங்கள் பக்கவாட்டில் இரண்டிரண்டாகத் தெரிந்தன. பையின் அடியில் கை விட்டபோது ஒரு திருகாணியும் கிடைத்தது. பழுது பார்த்தவர், உள்ளே மேலும் இரண்டு தளர்ந்திருந்ததாக எழுதிக் கொடுத்து, 2,800 ரூபாய் வாங்கினார்.

இதைத் தெரிவித்தபோது, கேமரா பழையது என்பதே காரணம் என்றும், பையைத் திருப்பித் தருவதற்கான பத்து நாள் கெடு முடிந்துவிட்டது என்றும் தங்கள் அலுவலகம் இரண்டு முறை ஒரே வாசகத்தை அனுப்பியது. பழைய கேமராவுக்கும் ஏற்றது என்று விற்றுவிட்டு, பழையது என்பதையே குற்றமாகச் சொல்வது எந்த வகையில் நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை. புதிய கருவிகளுக்கும் இந்த ஆபத்து உண்டு. வலிமையான மோட்டார் சைக்கிள் இன்ஜின்களின் அதிர்வு ஐபோன் கேமராவைப் பாதிக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021 செப்டம்பரில் எச்சரித்தது. அங்கே பாதிக்கப்படும் பாகம் வேறு, அதிர்வு வரும் வழி ஒன்றுதான்.

இரண்டாவது மறுப்புக்குப் பிறகே பையின் அடித் தையலைப் பிரித்துப் பார்த்தேன். அதற்கு முன் பிரித்ததாகத் தாங்கள் கருத வேண்டாம். பக்கச் சுவர்களில் 20 மில்லிமீட்டர் கனத்துக்கு ஸ்பாஞ்ச் இருக்கிறது. கேமராவின் முழு எடையும் இறங்கும் அடிப்பாகத்திலோ 6 மில்லிமீட்டர்தான். அதுவும் அப்பளமாக நசுங்கியிருந்தது. அதன் கீழே கெட்டியான பிளாஸ்டிக் பலகை, அதிலேயே ரிவெட் அடித்துப் பதித்த காந்தங்கள். டேங்கின் நடுக்கம் காந்தம் வழியே பலகைக்கும், பலகையிலிருந்து கேமராவுக்கும் நேராக ஏறும்படி தாங்களே வழி அமைத்துக் கொடுத்திருக்கிறீர்கள். அளவுகோல் வைத்து எடுத்த படங்கள், விலைச்சீட்டு, பழுது பார்த்த ரசீது ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

பையின் விலை 3,450 ரூபாயையும் பழுதுச் செலவு 2,800 ரூபாயையும் சேர்த்து 6,250 ரூபாயைத் திருப்பித் தருமாறும், அடிப்பாகத்தை மாற்றி அமைக்கும் வரை ஃபிலிம் கேமரா குறித்த அந்த உறுதிமொழியை விற்பனைப் பக்கத்திலிருந்து நீக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். என் அப்பத்தாவின் படத்துக்கு நான் விலை கேட்கவில்லை. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, 48 மணி நேரத்துக்குள் இப்புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிப்பதும் ஒரு மாதத்துக்குள் தீர்ப்பதும் தங்கள் பொறுப்பு. தவறினால் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு அளிப்பேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணமும் இல்லை.

பிரித்த பை என்னிடமே பத்திரமாக இருக்கிறது. ஆய்வுக்கு வேண்டுமானால் தங்கள் செலவில் கூரியர் ஆளை அனுப்பி எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒப்பம்.