வாட் அல்ல, வடிகட்டிதான் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

பொழுதுபோக்காக வானலையில் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளும் அமெச்சூர் வானொலிக்கான மின்திறன் வரம்பை உயர்த்தக் கோரும் ஆர்வலர்கள் பற்றிய செய்தியைத் தங்கள் நாளிதழில் படித்தேன். ஜெனரல் கிரேடு உரிமம் உள்ளவர் சிற்றலையில் 400 வாட் வரை அலையை அனுப்பலாம். இது போதாது என்பதை ஒரு ஹாமாகிய, அதாவது அமெச்சூர் வானொலியாளனாகிய என்னால் ஏற்க முடியவில்லை. 100 வாட்டை 400 ஆக்கினாலும் எதிர்முனை ரிசீவரில் அலையின் வலிமையைக் காட்டும் எஸ் மீட்டரில் முள் ஒரே ஒரு படிதான் ஏறும். அதே செலவில் ஆன்டெனாவை உயர்த்திக் கட்டினால் பலன் அதிகம், கேட்பதும் தெளிவாகும். உண்மையான சிக்கல், திறனைப் பெருக்க வீட்டில் செய்யும் ஆம்ப்ளிஃபயர் கக்கும் ஹார்மோனிக் அலைகள், அதாவது பேசும் அலைவரிசையின் மடங்குகளில் எழும் தேவையற்ற அலைகள். 7 மெகாஹெர்ட்ஸில் பேசுபவரின் கசிவு 14, 21 என்று மடங்கு மடங்காக மேலே போய் விழும்.

807 என்ற பழைய ரக வெற்றிடக் குழாய் வால்வுகள் இரண்டை வைத்து நான் செய்த முதல் ஆம்ப்ளிஃபயர் அப்படித்தான். யாராவது பதில் தருவார்களா என்று நான் ‘சிக்யூ’ சொல்லி அழைத்தபோதெல்லாம் பக்கத்து வீட்டு டிவியில் கோடுகள் ஓடின. ஞாயிற்றுக்கிழமை சினிமா நேரம் வேறு! வெளியீட்டில் ஒரு லோ பாஸ் ஃபில்டர், அதாவது மேல் அலைவரிசைகளைத் தடுக்கும் வடிகட்டி, சேர்த்ததும் தொல்லை நின்றது. வாட்டைக் குறைக்கவே இல்லை. எனவே வரம்பை அப்படியே விட்டுவிட்டு, மோர்ஸ் வேகத்தைச் சோதிக்கும் உரிமத் தேர்வில் ஃபில்டர் அமைப்பதையும் ஆன்டெனாவுக்குப் பதிலாக இணைக்கும் டம்மி லோடில் அளந்து காட்டுவதையும் செய்முறையாகச் சேர்க்கலாம்.

– ஒரு ஹாம் வாசகர், திருச்சி