ஸ்டார்டியூ வேலி: அவசரம் எங்கே, நிதானம் எங்கே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'ஸ்டார்டியூ வேலி' என்ற பண்ணை வீடியோ கேம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2016 பிப்ரவரியில் வெளிவந்த கேம் இன்றைக்கும் புதியவர்களை இழுத்துக்கொண்டிருப்பதற்கு, அதில் அவசரமே இல்லை என்பதைக் காரணமாகச் சொல்லியிருந்தீர்கள். அதை நம்பி இறங்குகிறவர்கள் முதல் வாரத்திலேயே திணறிப்போவார்கள். காலை 6 மணிக்கு எழுந்தால் இரவு 2 மணிக்குள் படுக்கைக்கு வந்தாக வேண்டும். அந்த ஒரு நாள் நம் கடிகாரத்தில் சுமார் 14 நிமிடம்தான். 28 நாளில் பருவம் மாறிவிடும். விதைக்கடை புதன்கிழமை திறக்காது, கொல்லர் 4 மணிக்குப் பட்டறையைச் சாத்திவிடுவார். அலுவலகத்தில்கூட இவ்வளவு கெடு இருக்காது.

அப்படியும் மனசுக்கு இதமாக இருக்கிறதென்றால், தப்பு செய்வதற்கான தண்டனை மிகச் சிறியது என்பதுதான் காரணம். தண்ணீர் விடாத செடி சாகாது. அன்றைக்கு வளராது, அவ்வளவே. தீனி வைக்காத மாடும் சாகாது, நம்மீது பிரியம் குறைந்து பால் தராமல் நிற்கும். இரவு 2 மணிக்கு வெளியில் மயங்கி விழுந்தால் கையிருப்பில் பத்தில் ஒரு பங்கு போகும், அதுவும் 1,000 காசைத் தாண்டாது. மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில் பண்ணையை நமக்கு விட்டுப்போன தாத்தாவின் ஆவி வந்து அதை மதிப்பிடும். அதில் குறைவாக வாங்கினாலும் ஒரு வைரத்தைப் படைத்து மறுபடி மதிப்பிடச் சொல்லலாம்.

இரக்கமே இல்லாத இடம் ஒன்று உண்டு: பருவத்தின் கடைசி நாள். காலிஃபிளவர் 12 நாள் பயிர். வசந்தம் 16ஆம் தேதி ஊன்றி ஒரு நாள்கூட விடாமல் தண்ணீர் விட்டால் 28ஆம் தேதி அறுக்கலாம். 17ஆம் தேதி ஊன்றினால், வளர்ச்சியை விரைவுபடுத்தும் உரம் இடாதவரை, கோடை பிறந்த காலையில் சருகுதான் மிஞ்சும். விதை ஒன்றுக்கு 80 காசு நஷ்டம். எத்தனை நாள் பயிர் என்பது விதையின் குறிப்பிலேயே இருக்கிறது. மிச்ச நாளைக் கழித்துப் பார்க்கும் வேலை நம்முடையது. இந்த ஒரு கணக்கு பிடிபட்டுவிட்டால் மற்ற எதையும் ஆற அமரச் செய்யலாம்.

ஸ்ட்ராபெரியும் அதே கணக்குதான். வசந்தம் 13ஆம் தேதி முட்டைத் திருவிழாக் கடையில் விதை 100 காசு. 8 நாளில் காய்க்கும், பிறகு 4 நாளுக்கு ஒரு பறிப்பு. அன்றிரவே ஊன்றித் தண்ணீரும் விட்டால் 21, 25 என்று இரண்டு பறிப்பு கிடைக்கும். வாங்கிய விதையில் கொஞ்சத்தைப் பெட்டியில் போட்டு வைத்து, அடுத்த ஆண்டு வசந்தம் 1 அன்று ஊன்றினால் ஐந்து பறிப்பு. எதைச் செய்தாலும் லாபம்தான் என்பதால் இந்த யோசனையே ஒரு சுகம்.

முதல் வசந்தத்தில் நாளைத் தின்பது பூவாளி. ஊர்த்தலைவர் இலவசமாகத் தரும் 15 பார்ஸ்னிப் (ஒரு கிழங்குப் பயிர்) விதையோடு நிறுத்திக்கொண்டால் காகத் தொல்லைகூட இல்லை. பண்ணையில் 16 பயிர் சேர்ந்த பிறகுதான் காகம் வரும். ஆனால் ஆசை யாரை விட்டது? 40, 50 கட்டத்தில் விதைத்துவிட்டுத் தண்ணீர் விட்டே தெம்பைத் தீர்த்துவிட்டு, மதியம் 12 மணிக்கே என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவர்கள்தான் அதிகம். 2,000 காசும் 5 செம்புக் கட்டியும் கொடுத்தால் கொல்லர் பூவாளியை மேம்படுத்தித் தருவார், ஆனால் இரண்டு நாள் ஆகும். எனவே டிவியில் 'நாளை மழை' என்று சொல்லும் நாளில் தண்ணீர் விட்டு முடித்துவிட்டுக் கொடுக்க வேண்டும். மறுநாளை மழை பார்த்துக்கொள்ளும், அதற்கடுத்த நாள் காலை 9 மணிக்குப் பட்டறை திறந்ததும் வாங்கிக்கொள்ளலாம்.

அதன்பின் ஸ்பிரிங்க்ளர், அதாவது தானாகத் தண்ணீர் தெளிக்கும் கருவி. முதல் ரகம் 4 கட்டத்துக்கு மட்டுமே பாய்ச்சும், அதில் இரும்பை வீணாக்க வேண்டாம் என்பது என் கட்சி. விவசாயத் திறன் 6ஆம் நிலையில் கிடைக்கும் அடுத்த ரகம் சுற்றியுள்ள 8 கட்டத்தையும் நனைக்கும். ஒரு இரும்புக் கட்டி, ஒரு தங்கக் கட்டி, ஒரு சுத்திகரித்த குவார்ட்ஸ் போதும். கடைசி ரகத்துக்கு 24 கட்டம். கேம் பல வருடம் சலிக்காமல் ஓடுவதன் சூட்சுமம் இந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது என்பேன். காலை நேரத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்த வேலை ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போக, அந்த நேரம் சுரங்கத்துக்கும் ஆற்றுக்கும் ஊர்க்காரர்களுக்கும் திரும்புகிறது. கேமில் வரும் ஊரான பெலிக்கன் டவுனில் யாருக்கு எப்போது பிறந்தநாள் என்று பார்க்கவே அப்போதுதான் நேரம் வரும்.

இதே ஏற்பாடு கெட்டும் போகும். பண்ணை முழுக்கப் பீப்பாய் அடுக்கி, மது வடித்து விற்று, லாபத்தைப் பட்டியலிட்டுப் பார்ப்பவர்கள் ஓரிரு மாதத்தில் சலித்து விலகுகிறார்கள். 5,000 காசு கட்டி ஜோஜா மார்ட் என்ற பெருநிறுவனக் கடையில் உறுப்பினராகிக் காசை வைத்தே ஊர்ச் சீரமைப்பு எல்லாவற்றையும் முடிக்கும் வழியையும் கேம் திறந்தே வைத்திருக்கிறது. பாழடைந்த ஊர்க் கூடத்துக்குப் பொருள் பொருளாகச் சேர்த்துக் கொடுப்பது மெதுவான வழி. முதல் தடவை ஆடுகிறவர்கள் அதையே எடுக்கட்டும்.

கட்டுரையில் விட்டுப்போன இன்னொன்று. நிரல், ஓவியம், இசை, வசனம் எல்லாவற்றையும் எரிக் பரோன் என்ற ஒருவரே நாலரை ஆண்டு உட்கார்ந்து செய்தார். 2018இல் பலர் சேர்ந்து ஆடும் வசதி, 2020இல் புதிய தீவு, 2024இல் 1.6 பதிப்பு என்று சேர்த்துக்கொண்டே வந்தும், வாங்கியவர்களிடம் கூடுதலாக ஒரு பைசா கேட்கவில்லை. பழைய பண்ணையைத் திறந்து பார்க்க ஆட்கள் திரும்பி வருவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

புதியவர்களுக்காக இரண்டு குறிப்பு. சைலோ (தீவனக் கிடங்கு) கட்டுமுன் புல்லை அரிவாளால் அறுக்காதீர்கள், ஒரு கட்டு தீவனம்கூடச் சேராது. 100 கல், 10 களிமண், 5 செம்புக் கட்டி, 100 காசு இருந்தால் சைலோ தயார். மீன் பிடிப்பது கைக்கு வரவில்லையென்றால் மீன்கடைக்காரர் வில்லியிடம் 25 காசுக்குப் பயிற்சித் தூண்டில் கிடைக்கும். அதில் பிடிக்கச் சிரமமான மீன் எதுவும் சிக்காது, ஆனால் மீனைத் தொடர்ந்து பிடிக்க நாம் நகர்த்தும் பச்சைப் பட்டை அகலமாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை