7ஆம் எண்ணே போதும்

பாப்பாவுக்கு,

நேற்று போனில் மடக்குக் கத்தி வாங்கப் போகிறேன் என்றாய், 20 யூரோவுக்கு மேல் முடியாது என்றாய். அதற்குள் சிக்னல் போய்விட்டது. சொல்ல வந்ததை எழுதிவிடுகிறேன்.

ஒப்பினெல் கத்தி வாங்கு. பிரான்ஸில் நீ இருக்கும் கிரெனோபிளுக்குப் பக்கத்து மலைநாடான சவோயில்தான் ஜோசப் ஒப்பினெல் 1890இல் அதைச் செய்ய ஆரம்பித்தார். ஒரே அலகு, பீச் மரப் பிடி, ஒரு வளையம், அவ்வளவுதான். அலகில் கிரீடம் வைத்த கை பொறித்திருக்கும், பார்த்து வாங்கு. தேனீ பொறித்த லாகியோல் கத்திகளும் கண்ணைப் பறிக்கும். நல்லதாக வாங்க உன் பணம் பத்தாது, தேனீயைப் பார்த்து ஏமாந்துவிடாதே.

அளவுக்கு ஒரு எண் போட்டுத்தான் விற்பார்கள். எல்லோரும் வாங்குவது 8, அலகு 8.5 செ.மீ. உன் கை சின்னது, 7 போதும். 6க்குக் கீழே மட்டும் போகாதே, அந்தச் சின்னக் கத்திகளில் பூட்டு வளையம் கிடையாது. 1955இல் வந்த வளையம் அது. அலகைத் திறந்து வளையத்தைத் திருகிவிட்டால், அழுத்தும்போது விரல்மேல் மடங்காது.

அடுத்தது இரும்பா எவர்சில்வரா என்பது. என் கத்தியை நீ பார்த்திருக்கிறாய், நீ பிறந்த வருஷம் நம் வீட்டில் தங்கிய பிரெஞ்சுக்காரர் கொடுத்தது. கார்பன் இரும்பு. பேரிக்காயும் பிளம்ஸும் நறுக்கி நறுக்கி அலகு மழைமேகம் மாதிரி நீலக்கருப்பாகிவிட்டது. அது துரு இல்லை, துருவைக் கொஞ்சம் தடுக்கவும் செய்யும். செம்பொடியாகப் பூத்தால்தான் துரு. சாணைக்கல்கூட வேண்டாம், பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து அடியிலுள்ள சொரசொரப்பான வளையத்தில் நாலு இழுப்பு இழுத்தாலே பூண்டுத்தாள் கிழியாமல் அறுபடும்.

ஆனால் ஒரு ஐப்பசியில் பூம்பாறையில் வாரக்கணக்கில் வெயிலே இல்லை. பிடி ஈரம் குடித்து உப்பி, அலகைக் கவ்விக்கொண்டது. நகம் போட்டு இழுத்தேன், அசையவில்லை. குறடு போட்டு இழுத்தேன். வெடுக்கென்று வந்து இடது கட்டைவிரலைப் பிளந்துவிட்டது. சின்ன வயதில் தடவித் தடவிக் கேட்பாயே, அந்தத் தழும்பு. ஒரு வித்தை இருக்கிறது என்று அப்புறம்தான் தெரிந்தது. வளையத்தைத் திறந்துவிட்டு, பிடியின் அடிமுனையை மேசையில் தட்டினால் அலகு தானாக எழும்பும். சவோய்க்காரர்கள் அப்படித்தான் திறப்பார்களாம். அதற்கும் வராவிட்டால் இழுக்காதே, இரண்டு நாள் உலர விடு. காய்ந்தபின் பிடியின் பிளவுக்குள் உப்புத்தாளை மடித்துத் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் தடவி வை.

எனக்கு இரும்பின்மேல்தான் ஆசை. இருந்தாலும் நீ எவர்சில்வர் அலகே வாங்கு. எலுமிச்சை நறுக்கிவிட்டு அப்படியே வகுப்புக்கு ஓடுகிற பிள்ளை நீ. இரும்பென்றால் சாயங்காலம் வருவதற்குள் அலகு கறுத்துப் புள்ளி விழுந்திருக்கும். எவர்சில்வர் அந்த ஒரு நாளைப் பொறுத்துக்கொள்ளும். மரம் இரண்டுக்கும் ஒன்றுதான், அதனால் தண்ணீரில் ஊறப் போடாதே.

கடையில் திறந்து பார். அலகு பக்கவாட்டில் ஆடக்கூடாது, மடக்கினால் பிளவின் நடுவில் உட்கார வேண்டும், வளையம் உன் விரலுக்குத் திரும்ப வேண்டும். கையால் செய்த மரப் பிடி இல்லையென்றாலும் ஒன்றுக்கொன்று கொஞ்சம் வித்தியாசம் இருக்கும், நாலைந்து எடுத்துப் பார்க்கக் கூச்சப்படாதே.

இன்னொன்று. காரணமில்லாமல் கத்தியோடு ஊருக்குள் திரிவது அங்கே சட்டப்படி தப்பு. மலையேறப் போகும்போது மட்டும் பையில் வை, மற்ற நாளில் அறையிலேயே இருக்கட்டும். லீவுக்கு வரும்போது கைப்பையில் போடாதே, விமானத்தில் ஏற்றிவிடும் பெட்டியில் துணி நடுவே சுற்றி வை. வந்ததும் நானே தீட்டித் தருகிறேன்.

அப்பா