காய்ந்த இலைக்கு ஒரு சாக்கு

நங்கநல்லூர், பங்குனி 3

அன்புள்ள விஜயா,

உன் கடிதம் வந்தது. மருமகளுக்குச் சுகப்பிரசவம் என்று படித்ததும் எழுந்துபோய் விளக்கேற்றிவிட்டு வந்துதான் மீதியைப் படித்தேன். பேத்திக்கு என்ன பெயர் வைத்தீர்கள்? அதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டாயே. இங்கே எனக்கு முட்டிவலி பரவாயில்லை. அவரும் நன்றாக இருக்கிறார்.

திருச்சி வீட்டுக் கொல்லையில் உரக்குவியல் போட என்னென்ன சேர்க்கலாம் என்று கேட்டிருந்தாய். காய்கறித் தோலைப் பற்றிக் கவலையே படாதே, அது தினமும் வரும். காய்ந்த பொருள்தான் தேவைப்படும்போது கிடைக்காது. இலை கொட்டுகிற இந்த மாதத்திலேயே அதைச் சேர்த்து வைத்துக்கொள்.

போன ஐப்பசியில் பட்டுத்தான் இதைத் தெரிந்துகொண்டேன். பத்து நாள் விடாத மழை. சமையலறைக் கழிவைக் கொட்டிக்கொண்டே இருந்தேன், மேலே போட ஒரு கைப்பிடி சருகு இல்லை. குவியல் சொதசொதவென்று ஆகி, அழுகிய முட்டை நாற்றம். பக்கத்து வீட்டம்மா வந்து மெதுவாகச் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. காற்று உள்ளே போகாவிட்டால் அப்படித்தான் நாறுமாம். கிளறிவிட்டு, பரணில் இருந்த அட்டைப் பெட்டிகளையெல்லாம் கிழித்துக் கலந்தேன். மூன்றாம் நாள் நாற்றம் போய்விட்டது.

மக்க வைக்கிற நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) ஒரு பங்கு என்றால் கரிச்சத்து (கார்பன்) 30 பங்கு வேண்டும். ஈரக் கழிவில் தழைச்சத்து அதிகம், காய்ந்ததில் கரிச்சத்து அதிகம். வீட்டுக் கணக்கில், ஒரு கூடை ஈரக் கழிவுக்கு இரண்டு கூடை காய்ந்தது. காபி டிகாக்‌ஷன் இறக்கிய தூள் பார்க்கப் பழுப்பாக இருந்தாலும் ஈரக் கழிவோடுதான் சேர்த்தி.

காலையில் நடக்கப் போகும்போது ஒரு அரிசிச் சாக்கைக் கையில் எடுத்துக்கொள்கிறேன். வேம்பு, புங்கை, தூங்குமூஞ்சி இலைகள் சின்னதாக இருப்பதால் சீக்கிரம் மக்குகின்றன. வாதாம் இலையும் மாவிலையும் தடிப்பு, நொறுக்கித்தான் போட வேண்டும். பெருக்குகிற அம்மா முதலில் விசித்திரமாகப் பார்த்தார். இப்போது குவித்து வைத்துவிட்டு எனக்காகக் காத்திருக்கிறார். முன்பெல்லாம் தெருமுனையில் கொளுத்திவிடுவார்கள், விஜயா. அந்தப் புகையில் எனக்கு நெஞ்சே எரியும். இதுவரை 11 சாக்கு கட்டி, மாடிப்படிக்கு அடியில் நனையாமல் வைத்திருக்கிறேன்.

கரும்பு ஜூஸ் கடைச் சக்கையை இரண்டு நாள் வெயிலில் போட்டுவிட்டுச் சேர், இல்லாவிட்டால் எறும்பு மொய்க்கும். டீக்கடைத் தூளில் பாலும் சர்க்கரையும் இருக்கும், ஒருமுறை அலசிக்கொள். தச்சரிடம் மரத்தூள் கேட்டால், பிளைவுட் அறுத்ததா என்று பார். அதில் பசை இருக்கிறது, வேண்டாம். முட்டை அட்டை நல்லது. பெட்டிகளில் ஒட்டியிருக்கும் டேப்பை உரித்துவிடு. இளநீர் மட்டை மக்க வருடக் கணக்காகும், ஆனால் அடியில் பரப்பினால் தண்ணீர் வடியும், காற்றும் போகும். மீன், கறி, எண்ணெய்ப் பண்டம் போடாதே, எலி வரும்.

போகிக்கு முதல் நாளே நாலு வீட்டில் சொல்லி வைத்து, கிழிந்த கோரைப்பாய், சணல் சாக்கு, தேய்ந்த தென்னந்துடைப்பம் எல்லாம் வாங்கி வந்தேன். 2018 போகியன்று சென்னையில் புகைமூட்டத்தில் விமானம் இறங்க முடியாமல் திருப்பிவிட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? கொளுத்தாமல் கேட்டதும் கொடுத்தார்கள். அது எனக்குப் பெரிய சந்தோஷம். பாயை வெட்டும்போது பிளாஸ்டிக் நூலை மட்டும் உருவிவிட்டேன்.

துரைப்பாக்கம் ரேடியல் சாலையில் போகும்போதெல்லாம் பள்ளிக்கரணை சதுப்பில் அந்தப் பெருங்குடிக் குப்பைமேடு கண்ணில் படும். நான் அரிந்து தள்ளிய வாழைப்பூ மடலும் எத்தனை வருடம் அங்கே போயிருக்கும் என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். இப்போது எங்கள் வீட்டிலிருந்து அங்கே எதுவும் மக்கக்கூடியது போவதில்லை.

குவியல் மூன்றடி நீளம், அகலம், உயரம் இருந்தால்தான் நடுவில் சூடேறும். கையளவு பழைய சாணமோ புளித்த மோரோ தெளித்து ஆரம்பி. அப்புறம், உன் தெருவில் என்னென்ன மரம் நிற்கிறது என்று எழுது. எந்த இலையை நொறுக்க வேண்டும், எதை அப்படியே போடலாம் என்று சொல்கிறேன். பேத்தியின் பெயரையும் மறக்காதேடி.

அன்புடன்,
சாந்தி