சலங்கை கழற்றியதும் பாதத்தைக் கவனியுங்கள்

ஐயா,

சேலத்துக் கல்யாண மண்டபங்களின் கிரானைட் தரையில் தட்டடவு (பரதநாட்டியத்தில் பாதத்தைத் தரையில் தட்டி ஆடும் அடவு) போடும் பிள்ளைகளுக்குக் குதிகால் வலி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அதிர்வை வாங்கிக்கொள்ள அங்கே மரப்பலகையும் இல்லை, மண் தரையும் இல்லை.

ஆடி முடித்ததும் ஒரு பாதத்தை மறு தொடைமேல் வைத்து, கால்விரல்களைக் கணுக்காலின் முன்பக்கம் நோக்கி இழுத்துப் பிடியுங்கள். உள்ளங்காலில் நரம்புபோல் ஒரு பட்டை புடைக்கும். அரைக் கரண்டி நல்லெண்ணெய் தொட்டு, குதிகாலிலிருந்து விரல் நோக்கிக் கட்டைவிரலால் மெதுவாக நீவ வேண்டும். காலுக்கு மூன்று நிமிடம் போதும். கெண்டைக்காலை விட்டுவிடாதீர்கள், அது இறுகினால் குதிகாலையும் இழுக்கும். 'வலிக்க வலிக்க அமுக்கினால்தான் குணம்' என்பது தப்பு. மறுநாள் கன்றிப்போய் நிற்கும். ஆடுவதற்கு முன் எண்ணெய் வேண்டவே வேண்டாம், வழுக்கும்.

இன்ன புள்ளியை அமுக்கினால் கல்லீரலுக்கு நல்லது, இன்ன புள்ளி கண்ணுக்கு நல்லது என்று விற்கப்படும் பாதப் படங்களுக்கு உறுதியான ஆதாரம் கிடையாது. தசை இளகுவது மட்டும் மெய்.

எலும்பின் மேல் ஒரே இடத்தில் விரல் வைத்தாலே சுரீரென்றால் நீவக் கூடாது. எலும்பில் மெல்லிய விரிசல் விழுந்திருக்கலாம், ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில்கூடத் தெரியாமல் போகும். ஆட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

– நாட்டிய ஆசிரியைகள் சிலர்,
அஸ்தம்பட்டி, சேலம்