மெயின் வால்வு சோதனை: வரும் ஞாயிறு காலை 10 மணி

அனைவருக்கும் வணக்கம்.

சென்ற வாரம் மூன்றாம் தளத்தில் வாஷ்பேசின் குழாய் உடைந்தது. வீட்டுக்கு வரும் தண்ணீரை மொத்தமாக நிறுத்தும் மெயின் வால்வு எங்கே என்று தேடி முடிப்பதற்குள் கூடம் வரை தண்ணீர். கண்டுபிடித்த பிறகும் உப்பு படிந்து இறுகியிருந்த சக்கரம் அசையவில்லை. அந்த வீட்டுப் பெரியவர் ஈரத் தரையில் துணியைப் பிழிந்துகொண்டிருந்ததை இன்னும் மறக்க முடியவில்லை.

ஞாயிறன்று 10 முதல் 11 மணி வரை செய்ய வேண்டியவை:

1. முதலில் கீசரை அணைத்துவிடுங்கள்.
2. உங்கள் வீட்டு வால்வைக் கண்டுபிடியுங்கள். மொட்டை மாடியிலோ குளியலறைப் பரண் அருகிலோ இருக்கும்.
3. மூடிவிட்டு எல்லாக் குழாய்களையும் திறந்து பாருங்கள். சிறிது நேரத்தில் தண்ணீர் முழுவதும் நிற்க வேண்டும்.
4. சக்கரம் உள்ளது கேட் வால்வு. பல சுற்று சுற்ற வேண்டும். முழுவதும் திறந்தபின் அரைச் சுற்று பின்னால் திருப்பி விடுங்கள், இறுகாது. நீளக் கைப்பிடி உள்ளது பால் வால்வு. கால் சுற்று போதும். கைப்பிடி குழாய்க்குக் குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது என்று பொருள்.
5. அசையாவிட்டால் ஸ்பேனர் போட்டு முறுக்காதீர்கள். தண்டு முறிந்துவிடும். பிளம்பர் அன்று வளாகத்திலேயே இருப்பார்.
6. வால்வில் வீட்டு எண் எழுதிய அட்டையைக் கட்டுங்கள். மாடியில் பல வால்வுகள் ஒரே மாதிரி இருக்கின்றன.

வீட்டில் உள்ள எல்லோருக்கும், குறிப்பாகப் பிள்ளைகளுக்கும் வேலைக்கு வரும் அம்மாவுக்கும், இடத்தைக் காட்டுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்வோம்.

வீட்டு எண்ணுடன் ‘சரி’ அல்லது ‘பழுது’ என்று ஞாயிறு மாலைக்குள் இங்கே பதில் இடுங்கள். ஊரில் இல்லாதவர்கள் சாவி யாரிடம் உள்ளது என்று எனக்குத் தனியாகத் தெரிவியுங்கள்.

– செயலாளர்